கொழுந்துக் கூடையில் கல்

"உங்க காலத்துல எண்ணெய் போட்டுத் தேய்ச்சு விடுறதுதானே மேடம் வேலை?"

போன மாதம் ஓர் ஆஸ்பத்திரியில் புதிய உடற்பயிற்சி அறை திறந்தார்கள். பழைய ஆள் என்று என்னையும் கூப்பிட்டு முன்வரிசையில் உட்காரவைத்து மாலை போட்டார்கள். தேநீர் நேரத்தில், அங்கே புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்து இப்படிக் கேட்டாள். கேட்டதோடு விடவில்லை. மெலிந்துபோன தசையைச் சும்மா அசைத்தால் போதாது, அது எவ்வளவு தாங்குமோ அந்த எல்லைவரை கஷ்டப்படுத்தி, பிறகு ஓய்வு கொடுத்தால்தான் தேறும் என்று இப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறார்களாம். எனக்கு விளங்கட்டும் என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். கையிலிருந்த கட்லட்டைத் தட்டில் வைத்துவிட்டேன். வயதானவர்கள் விழாவில் சண்டை போடக்கூடாது என்பதால் அங்கே வாயை மூடிக்கொண்டு வந்தேன். இங்கே மூட மாட்டேன்.

முதலில் அந்த எண்ணெய்க் கதையை முடித்துவிடுகிறேன். என் வேலைக் காலத்தில் ஒரு நோயாளிக்கும் நான் எண்ணெய் தேய்த்ததில்லை. ஆனாலும் தோட்டத்துச் சனங்கள் எனக்கு வைத்த பெயர் 'எண்ணெய் மிஸ்ஸி'. அங்கே நர்ஸை மிஸ்ஸி என்பார்கள். நர்ஸ் என்றால் ஊசி போட வேண்டும், இல்லாவிட்டால் மருந்து கலக்க வேண்டும். இரண்டும் செய்யாமல் நோயாளியின் காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவள் தேய்க்கிறவளாகத்தானே இருக்க வேண்டும்? சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், கடைசியில் அந்தப் பெயருக்கே திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டேன்.

என் அப்பா இலங்கை மலைநாட்டில், வட்டவளைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். கன்னியாஸ்திரி மடத்துப் பள்ளிக்கூடத்தில் படித்து முடித்ததும் என்னைத் தென்னிந்தியாவில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே போலியோ வந்த பிள்ளைகளின் வார்டில் பயிற்சி. எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த அம்மையார் பிள்ளைகளைப் பார்த்து யாராவது "பாவம்" என்று சொன்னால் வார்டைவிட்டு வெளியே அனுப்பிவிடுவார். பாவம் பார்த்து விடுகிற ஒவ்வொரு நாளும் அந்தப் பிள்ளையின் காலில் இருந்து கழிகிறது என்பார். அந்த வார்டில் கற்றதை வைத்துத்தான் என் வேலைக் காலம் முழுவதும் ஓட்டினேன்.

திரும்பி வந்ததும் பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கில், பல தோட்டங்கள் சேர்ந்து நடத்திய ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. ஐம்பதுகளின் நடுப்பகுதி. அங்கே எனக்கு மேலே இருந்தவர் யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து, குடையை எப்போதும் அதே ஆணியில் மாட்டி, கையை முழங்கைவரை கழுவுவார். எலும்பு முறிந்தவர்களின் மாவுக்கட்டைத் தன் விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, சத்தத்தைக் கேட்டுத் தலையாட்டுவார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. முறிந்த எலும்பைப் பொருத்துவதில் அவருக்கு நிகராக அந்தப் பக்கத்தில் யாரும் இல்லை. ஆனால் அவருக்கு எலும்புதான் மனிதன். எலும்பு பொருந்திவிட்டால் அவர் வேலை முடிந்தது. எலும்பைச் சுற்றி இருக்கிற சதையைப் பற்றிப் பேசினால், "அது தன்பாட்டிலை வரும் பிள்ளை, அவசரப்படாதையும்" என்பார். அத்தனை வருஷம் அந்த மலையில் இருந்தவர், ஒரு நாளாவது கொழுந்து பறிக்கிற மலையில் ஏறிப் பார்த்தவர் அல்ல.

தன்பாட்டில் வராது. பல கிழமை, அதாவது வாரக்கணக்கில், மாவுக்கட்டுக்குள் கிடந்த காலை அவிழ்த்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தொடையில் தோல் மட்டும் தொங்கும். நடக்க விட்டால் நல்ல கால் எல்லா வேலையையும் பார்த்துக்கொள்ளும். கெட்ட கால் கூடவே இழுபட்டு வரும், தேறாது. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற ஒருவர் கை முறிந்து வந்திருந்தார். கட்டு அவிழ்த்த பிறகு விரலை மெல்ல மடக்கி நீட்டச் சொல்லியிருந்தார் டாக்டர். மனிதர் ஒரு மாதம் காற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கை அப்படியே இருந்தது. நான் ஈரச் சாக்கைக் கொடுத்து, கடைசிச் சொட்டு விழும்வரை முறுக்கிப் பிழியச் சொன்னேன். நெற்றியில் வியர்வை வந்தது, கெட்ட வார்த்தையும் வந்தது. பிறகு கையும் வந்தது.

தோட்டத்தின் வழக்கம் இதைவிட மோசம். அங்கே ஒரு மனிதனுக்கு இரண்டே நிலைதான். ஒன்று ஆஸ்பத்திரிக் கட்டில், இல்லாவிட்டால் பெரட்டு. பெரட்டு என்பது விடியற்காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலை பிரித்துக் கொடுக்கிற இடம். டாக்டர் 'சுகம்' என்று ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தால் மறுநாள் பெரட்டில் நிற்க வேண்டும். நின்றால் முழு நாளும் மலை. நேற்றுவரை கட்டிலில் கிடந்தவர், இன்றைக்குச் சாயங்காலம்வரை செங்குத்தில். இதற்கு நடுவில் ஒரு படி இருக்க வேண்டும் என்று அந்தத் தோட்டங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இருபது வருஷம் கொழுந்து பறித்த காலை மாட்டுவண்டிச் சக்கரம் மாதிரிக் கழற்றிப் பூட்டலாம் என்று நினைத்தார்கள்.

இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் அங்கம்மா வந்தாள்.

முப்பது வயது இருக்கும். புருஷன் செத்துப்போயிருந்தான். லெட்சுமி என்று பன்னிரண்டு வயதில் ஒரே மகள், தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். மழையில் கூடையோடு சறுக்கி விழுந்து அங்கம்மாவுக்குத் தொடை எலும்பு முறிந்துவிட்டது. டாக்டர் அழகாகப் பொருத்தினார். கட்டை அவிழ்த்த அன்று, அவள் தன் காலைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

"இது ஏங் காலே இல்ல மிஸ்ஸி. யாரோட காலையோ எடுத்து வச்சுத் தச்சுப்புட்டாங்க" என்றாள்.

வார்டே சிரித்தது. அவளும் சிரித்தாள். பிறகு என் கையைப் பிடித்து இழுத்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நான் எப்ப மலைக்கு ஏறலாம்?" என்று கேட்டாள். ஏன் இத்தனை அவசரம் என்றேன். லயம் என்கிற வரிசை வீட்டில் அவள் இருந்த காம்பரா, அந்த ஒற்றை அறை, தோட்டத்துக்குச் சொந்தம். அந்த வீட்டிலிருந்து ஒரு பேராவது வேலையில் இருந்தால்தான் காம்பரா. இவள் பேரை வேலைப் பதிவிலிருந்து வெட்டினால் மகளின் பேரைப் பதிய வேண்டும். "எம் புள்ள கூடை தூக்கக் கூடாது மிஸ்ஸி. அவ படிக்கிறா. வாத்தியாரு அவள அட்டன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பச் சொல்றாரு" என்றாள்.

அன்றிலிருந்து எங்கள் வேலை தொடங்கியது. கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் நானாவிடம் கெட்டித் துணி வாங்கிப் பைகள் தைத்து, ஆற்று மணல் நிரப்பினேன். சின்னதும் பெரியதுமாகப் பல பைகள். அவளை உயரமான பெஞ்சில் உட்காரவைத்து, முட்டிக்குக் கீழே துவாலையைச் சுருட்டி வைத்து, கணுக்காலில் பையைக் கட்டுவேன். கால் தொங்கும். அதை நேராக நீளும்வரை தூக்க வேண்டும். தூக்கிய இடத்தில் நிறுத்த வேண்டும். பிறகு தொப்பென்று போடாமல், மெதுவாக, எதிர்த்துக்கொண்டே இறக்க வேண்டும். சில தடவையிலேயே கால் நடுங்கி இனி முடியாது என்று வர வேண்டும். வராவிட்டால் பை இலேசு, அடுத்த பையைக் கட்ட வேண்டும். முதல் தடவையே தூக்க முடியாவிட்டால் பை கனம், குறைக்க வேண்டும். இந்தக் கணக்குத் தப்பினால் வேலை வீண். பட்டணத்தில் இதற்கு இரும்புச் செருப்பு இருந்ததாம். எங்களுக்கு மணல் இருந்தது.

தூக்கிய காலை எவ்வளவு நேரம் நிறுத்துவது என்பதற்கு அங்கம்மாவே ஒரு வழி கண்டுபிடித்தாள். தன் லயத்தில் முதல் காம்பராவிலிருந்து வரிசையாக ஆட்களின் பெயரைச் சொல்வாள். முதலில் இரண்டாவது வீட்டிலேயே கால் விழுந்துவிடும். "இன்னிக்குக் கங்காணி வீட்டைத் தாண்டல மிஸ்ஸி" என்று தன்மேலேயே எரிந்துவிழுவாள். வலியில் ஒரு நாள், அந்த லயத்தில் இருக்கிற எல்லோரையும் பெயர் சொல்லித் திட்டிக்கொண்டே காலைப் பிடித்திருந்தாள்.

இதைப் பார்த்துவிட்டு அவளுடைய நாத்தனார் பேச்சி பெரிய கலாட்டா செய்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எண்ணெய்ப் போத்தலோடு வருகிற மனுஷி. "ஒடைஞ்ச கால்ல மூட்டையக் கட்டித் தொங்கவிடுறீங்களே, நீங்க பொம்பளதானா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். டாக்டரிடமும் போய் முறையிட்டாள். டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "இதென்ன கூத்து பிள்ளை? அந்தப் பொம்பிளை பேசாமல் படுத்திருக்கட்டுமே" என்றார். நான் தையல் நாடாவைக் கொண்டுவந்து தொடையைச் சுற்றி அளந்து காட்டினேன். சதை ஏறிக்கொண்டிருந்தது. அவர் நாடாவைப் பார்த்தார். எலும்புக்கு ஒன்றும் ஆகாதவரை செய்துகொள் என்று விட்டுவிட்டார்.

ஒரு நாள் கடுமையாகச் செய்தால் மறுநாள் ஓய்வு. இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். அங்கம்மாவோ தினமும் செய்ய வேண்டும் என்று நிற்பாள். சதை வளர்வது தூக்கும்போது அல்ல, தூக்கியபின் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கும்போதுதான் என்று சொல்லிச் சொல்லி அவளைக் கட்டிலில் இருத்துவேன். சமையல்காரரோடு சண்டை பிடித்து அவளுக்கு ஒரு முட்டையும் கூடுதல் பருப்பும் வாங்கினேன்.

பெஞ்சு வேலை முடிந்து படி வேலை வந்தது. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டிக்குப் போகிற கல்படி. நடக்கப் பழகுகிறவர்களை நல்ல காலை முதலில் வைத்து ஏறச் சொல்வோம். நான் இவளைக் கெட்ட காலை முதலில் வைக்கச் சொன்னேன். அந்தக் கால்தான் உடம்பு முழுவதையும் மேலே தூக்க வேண்டும். வெறும் உடம்போடு ஏறப் பழகியபின், லெட்சுமியிடம் சொல்லி அங்கம்மாவின் சொந்தக் கொழுந்துக் கூடையைக் கொண்டுவரச் செய்தேன். கயிறு தலையில் இழுக்க, உடம்பு முன்னால் சாய, அப்படித்தானே அவள் மலையில் ஏற வேண்டும்? கூடைக்குள் ஆற்றுக் கல் போட்டேன். கிழமைக்குக் கிழமை கல் கூடியது. சில தடவை ஏறி இறங்குவாள், உட்காருவாள், மறுபடி சில தடவை. அவ்வளவுதான். மறுநாள் முழு ஓய்வு.

அந்தக் கூடையில் கல் போட்டது தப்பு என்று பிறகு சிலர் சொன்னார்கள். தப்பில்லை. அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். அந்தக் கால் தேறியது அந்தக் கல்லால்தான்.

ஒரு நாள் அங்கம்மா படியேறிக்கொண்டிருந்தபோது, ஆஸ்பத்திரியைப் பார்வையிட அவளுடைய தோட்டத்துத் துரை வந்தார். வெள்ளைக்காரர். கூடவே டாக்டரும், தோட்டத்தில் வேலை மேற்பார்க்கிற கண்டாக்கையாவும். துரை கையில் பிரம்போடு படிக்கட்டின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். அவள் தொட்டிவரை நேராக ஏறினாள், நேராக இறங்கினாள்.

"கூடையில் என்ன?" என்று என்னிடம் தோட்டத்துத் தமிழில் கேட்டார்.

"கல்லுங்க."

எட்டிப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. "கல் தூக்குது. கொழுந்து தூக்காதா? நல்ல பொம்பளை! நாளைக்குப் பெரட்டுக்கு வா."

அவர் கோபத்தில் சொல்லவில்லை. மெய்யாகவே சந்தோஷப்பட்டார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். நான் குறுக்கே போய் நின்றேன். "இது மருந்துங்க. ஒரு கரண்டி குடிக்கிறா என்கிறதுக்காக முழுப் போத்தலையும் குடிக்கச் சொல்லலாமா? இதைக் கொஞ்ச நேரம் செஞ்சா நாளைக்கு முழுக்கப் படுத்திருப்பா" என்றேன். துரைக்கு நான் சொன்னது பாதி விளங்கியிருக்காது. விளங்கிய பாதியும் அவருக்குத் தேவைப்படவில்லை. பிரம்பால் பூட்ஸைத் தட்டிக்கொண்டு நடந்துவிட்டார். அது கொழுந்து பொங்கி வருகிற காலம், தோட்டத்துக்கு ஆள் பற்றவில்லை.

அவர்கள் போனதும் டாக்டரின் அறைக்குள் நுழைந்தேன். அவர் கைகழுவிக்கொண்டிருந்தார்.

"இன்னும் ஆறு கிழமை வேணும் டாக்டர். இப்ப அந்தக் காலுக்குப் பலம் வந்திருக்கு, தாங்குற சக்தி வரல. காலையில நல்லா ஏறும். பின்னேரம் களைச்சா முட்டி மடங்கிடும்."

"எலும்பு பொருந்திட்டுது. நடக்கிறா. சுமையும் தூக்கிறா. நான் இனி என்னத்தைச் சொல்லி மறிக்கிறது?"

"அரை நாள் வேலையாவது கேளுங்க. தட்டையான மலையில."

டாக்டர் வாசலில் நின்ற கண்டாக்கையாவைப் பார்த்தார். "இப்ப அரைப்பேருக்கெல்லாம் ஆள் எடுக்கிறதில்ல மிஸ்ஸி. ஒண்ணு முழுப்பேரு, இல்லாட்டிப் பேர வெட்டிருவாங்க" என்றார் கண்டாக்கையா.

டாக்டர் துவாலையில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். "துரை தன்ரை கண்ணாலை கண்டிட்டார் பிள்ளை. கல்லைப் போட்டுத் தூக்க வைச்சது நீர்தானே?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டு, உட்கார்ந்து சுகம் என்று துண்டு எழுதினார். நான் செய்த வைத்தியத்தையே என் வாயை அடைக்க எடுத்துக்கொண்டார். நான் அழுகிறவள் அல்ல. அன்று மருந்து அறைக்குள் போய் அழுதேன், கோபத்தில்.

அங்கம்மா அழவில்லை. "போறேன் மிஸ்ஸி. போகலேன்னா லெச்சுமி பேரப் பதிஞ்சிருவாங்க. இந்தக் காலு தாங்கும், நீங்கதானே ஏத்தி விட்டீங்க" என்று கூடையிலிருந்த கல்லை ஒவ்வொன்றாக எடுத்துப் படியோரம் அடுக்கிவிட்டுப் போனாள்.

அவளைப் போட்டது தோட்டத்திலேயே செங்குத்தான மலையில். அந்த மாதம் முடியவில்லை. ஒரு பின்னேரம், இரண்டு கம்புக்கு நடுவில் கம்பளியைக் கட்டி அவளைத் தூக்கி வந்தார்கள். நிறை கூடையோடு கொழுந்து நிறுக்க இறங்கும்போது முட்டி மடங்கியிருக்கிறது. ஏற்றத்தைவிட இறக்கம்தான் களைத்த தொடைக்கு எமன். எலும்பு உடையவில்லை. முட்டியின் உள்நார் கிழிந்து, முட்டி பானை மாதிரி வீங்கியிருந்தது. டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, "மழைக்குச் சறுக்கினால் ஆர் என்ன செய்யிறது?" என்றார். அன்றைக்கு மழையே பெய்யவில்லை. துரை ஒரு டின் பிஸ்கட் அனுப்பிவைத்தார்.

மறுபடி கட்டு, மறுபடி படுக்கை. நாங்கள் மாதக்கணக்கில் ஏற்றிய சதை சில கிழமைகளில் கரைந்துபோனது. அதற்குள் தோட்டத்தில் அங்கம்மாவின் பேரை வெட்டி லெட்சுமியின் பேரைப் பதிந்துவிட்டார்கள்.

இந்தச் செய்தி எல்லாத் தோட்டங்களுக்கும் போய்விட்டது. அதன்பின் எங்கள் வார்டில் ஒரு புது வழக்கம் வந்தது. துரைமார் பார்வையிட வருகிற அன்று, நடக்கக்கூடியவர்கள் எல்லாம் கட்டிலில் படுத்துக்கொள்வார்கள். கை தேறியவர்கள் கையைப் போர்வைக்குள் ஒளித்துக்கொள்வார்கள். என்னிடம் கூட முழுப் பலத்தையும் காட்ட மாட்டார்கள். பை இலேசா கனமா என்று எனக்கே தெரியாமல் போனது. நோயைச் சொல்லப் பயப்படுகிற சனங்களைப் பல இடத்தில் பார்த்திருக்கிறேன். சுகத்தைச் சொல்லப் பயப்பட்டவர்களை அங்கேதான் பார்த்தேன். பிறகு அதே துரைமார் எங்களைப் பார்த்து, உங்கள் ஆட்கள் நடிக்கிறார்கள் என்று குறை சொன்னார்கள்.

முட்டி வீக்கம் வற்றியதும் அங்கம்மாவை மறுபடி பெஞ்சில் உட்காரவைத்தேன். இருப்பதிலேயே சின்னப் பையைக் கட்டினேன். பின்னேரம். வாசலில் லெட்சுமி வந்து நின்றாள். இடுப்பில் கொழுந்து பறிக்கிறவர்கள் கட்டுகிற படங்குச் சாக்கு, காலெல்லாம் சேறு, விரல் நுனியெல்லாம் கொழுந்துக் கறை. உள்ளே வராமல் சுவரில் சாய்ந்து, நின்றபடியே கண்ணை மூடிக்கொண்டாள்.

"தூக்கு அங்கம்மா" என்றேன்.

அவள் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சின்னப் பைதான். முடியும், தூக்கு."

"முடியும் மிஸ்ஸி. தூக்க மாட்டேன்."

"ஏன்?"

"நான் நல்லா ஏறி எறங்குனா, அவ பேர வெட்டிட்டுப் பள்ளிக்கூடத்துக்கா அனுப்பப் போறாங்க? ரெண்டு பேரையும் மலைக்கு வரச் சொல்லுவாங்க. நொண்டியா வீட்டுல கெடந்தா, அந்தப் புள்ளைக்கு ஒரு வாய் சுடுசோறாவது ஆக்கிப் போடுவேன்."

போலியோ வார்டு அம்மையார் சொன்னதெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது. விடாதே, பாவம் பார்க்காதே, இன்னும் ஒரு தரம் தூக்கச் சொல். குனிந்து பையின் முடிச்சை அவிழ்த்தேன். அங்கம்மா சேலையை இழுத்துக் காலை மூடிக்கொண்டாள்.

"நீங்க நல்லாத்தான் பாத்தீங்க மிஸ்ஸி. உங்க மேல எனக்கு ஒரு கொறையும் இல்ல" என்றாள்.

பேச்சி திட்டியதையும், டாக்டர் குத்திக்காட்டியதையும் எப்போதோ தள்ளிவிட்டேன். அங்கம்மா சொன்ன அந்தச் சமாதானத்தைத்தான் இன்றுவரை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.